அரிமானக் குறிப்பேடு

பகலில் நான் துருவுக்கு எதிரி.
காரைக்குடி ஆய்வுக்கூடத்தில்
உப்புமூட்டப் பெட்டிக்குள் தகடுகளைத் தொங்கவிட்டு
நூறு மணி நேரம், இருநூறு மணி நேரம்,
எது முதலில் தோற்கிறதென்று எழுதிவைப்பேன்.
சம்பளம் அதற்குத்தான்.

ஆறரைக்கு மேல்
செக்காலை ரோட்டு மாடி அறையில்
கட்சி மாறிவிடுவேன்.

டெனர் சாக்ஸபோன். வெண்கலம்.
மேலே லேக்கர் கிடையாது, பிறந்த மேனி.
சேமநிதிக் கடன் விண்ணப்பத்தில்
காரணம் கேட்ட கட்டத்தில்
'வீட்டுப் பராமரிப்பு' என்று எழுதி வாங்கியது.
பொய் என்று சொல்ல முடியாது.

வந்த புதிதில்
எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த கந்தரப்பத்தின் நிறம்.
இப்போது கழுத்து வளைவில் புளிக்கரைசல்.
இடது கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும்
தேய்ந்து தேய்ந்து ஒரு மஞ்சள் துளி,
சுற்றிலும் ஊருணிப் பாசி.
என் விரலிலும் அதே பச்சை.
சாம்பார் கரண்டியைப் பிடிக்கும்போது
பந்தியில் யாராவது கேட்பார்கள்:
"மருதாணி மாறிப்போச்சா?"

திருகு வாங்கப் போன பழம்பொருள் கடையில்
சாத்தப்பன் வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எந்தக் காலத்து உருப்படி, ஆச்சி?"
பதினான்கு மாதம் என்றேன்.
நம்பவில்லை.
போன வாரம் வார்த்த விளக்குகள்
இருநூறு வயதாவதற்காக
அவர் கொல்லைச் சாணிக்குழியில் காத்திருந்தன.

வீட்டில் பாத்திரம் தேய்க்கும் முத்தழகு
ஒரு வெள்ளிக்கிழமை
புளியும் சாம்பலுமாக வந்து நின்றாள்.
"சாமான இப்படியா கருக்க விடுவாக?"
கையைப் பிடித்து நிறுத்தவேண்டி வந்தது.

வெண்கலக் கடையில் யானை புகுந்துவிட்டது
என்றார் கணவர், முதல் மாதம்.
இரண்டாம் மாதம் கதவைச் சாத்தினார்.
ஐந்தாம் மாதம்
டிவி சத்தத்தைக் கூட்டுவதை நிறுத்திக்கொண்டார்.
குறைக்கவும் இல்லை.

எடை இழப்புதான் எங்கள் தொழிலின் வேதம்.
வாங்கிய வாரமே, எல்லோரும் போன பிறகு,
ஆய்வுக்கூடத் தராசில் திருட்டுத்தனமாக வைத்தேன்:
மூவாயிரத்து நானூற்று எண்பத்திரண்டு கிராம், சில்லறை.
பதினான்கு மாதம் கழித்து மறுபடி.
ஒன்றேகால் கிராம் குறைவு.

எண்ணெயைக் கழித்தேன்,
பேடுகளின் தேய்மானத்தைக் கழித்தேன்,
கைக்குட்டையில் போனதைக் கழித்தேன்.
அப்படியும் ஒரு சிட்டிகைக்குக் கணக்கு வரவில்லை.
எங்கே போனதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போது
டார்ச் வெளிச்சம்.

வாட்ச்மேன் சேவுகன்.
வருகைப் பதிவு மெஷினும் ரேஷன் கடை மெஷினும்
விரலை ஏற்க மாட்டேனென்கின்றன என்று
மூன்று வருடமாக மனுக் கொடுப்பவர்.
செங்கல் சூளையில் அழிந்த ரேகை.

"என்ன மேடம் இது, பீப்பியா?"
கேட்டுக்கொண்டே அதன் வாயின் விளிம்பில்
ஒரு விரல் வைத்துப் பார்த்தார்.
"ஊதுங்க. யாரும் இல்ல."

அடிமட்ட சுரத்தை ஊதினேன்.
அலமாரியில் பீக்கர்கள் சிணுங்கின.
ஒன்றும் வைக்காத தராசு
எதையோ நிறுத்துக் காட்டியது,
வெகுநேரம் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.

"எருமை கன்னு போடுற மாதிரி இருக்கு,"
என்றார் சேவுகன்.
பாராட்டாகத்தான் இருக்கவேண்டும்.
இன்னொரு தடவை கேட்டாரே.

பத்து நாள் கழித்து
விளிம்பில் ஒரு பழுப்பு வட்டம் கிளம்பியது.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
கோடுகள்.
சுழி, வளைவு, நடுவில் ஒரு தழும்பு.
எந்த மெஷினுக்கும் பிடிபடாதது
தெளிவாக.

துணியை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
பிறகு குறிப்பேட்டில், வழக்கமான கட்டங்களில்:

மாதிரி: வலது ஆள்காட்டி விரல்.
ஊடகம்: வியர்வை, கொஞ்சம் பரோட்டா எண்ணெய்.
வெளிப்பாட்டு நேரம்: ஒரு நொடி.
பாதுகாப்புப் பூச்சு: இல்லை.